ஐந்தொகை கூறாத கணக்கு

இந்நாளில் கம்பெனி நடத்துவோர் யாவரும் வியாபாரத் திட்டம் வகுத்தலையும், அதனை ஆண்டுதோறும் ஆராய்தலையும் பற்றிப் பெரிதும் பேசுகின்றனர். இவை மேல்நாட்டாரிடம் கற்ற புதிய வித்தைகள் என்று நம் இளைஞருட் பலர் எண்ணுகின்றனர். நகரத்தாராகிய நம் முன்னோர் பர்மாவில் லேவாதேவி நடத்திய காலத்திலேயே இவ்விரண்டையும் செவ்வனே கையாண்டனர் என்பதையும், அங்ஙனமிருந்தும் அவர்தம் பெருஞ் செல்வம் அழிந்தது ஏன் என்பதையும் ஈண்டு ஆராயப் புகுகின்றோம். முன்னோர் பெருமையை மட்டும் பேசி, அவர் கண்ட நஷ்டத்தை மறைப்பது நம் மக்களுக்கு நன்மை செய்வதாகாது.

1852-இல் நடந்த யுத்தத்தின் பயனாகக் கீழ்ப்பர்மா ஆங்கிலேயர் வசமாயிற்று. 1869-இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. பர்மா அரிசிக்கு ஐரோப்பாவில் கிராக்கி மிகவே, ஐராவதியின் கழிமுகத்திலிருந்த காடுகளும் சதுப்பு நிலங்களும் வயல்களாயின. காடு திருத்தும் குடியானவனுக்கு மாடும் விதையும் கூலியும் வேண்டும், கையிற் பணமில்லை. வெள்ளையர் பாங்கிகளிடம் பணமிருந்தது. கிராமத்துக் குடியானவனின் யோக்கியதையை அறியும் வழி அவற்றுக்கு இல்லை. இவ்விரண்டிற்கும் நடுவே இருந்த இடத்தை நம்மவர் கண்டனர். பிறர் புகாத இடத்தை அறிந்து புகுதலே அவர்தம் திட்டத்தின் முதற்படி.

இரண்டாவது படி ஆட்களைப் பழக்குதல். பெட்டியடிப் பையனாகக் கடையிற் சேர்ந்தவன் கணக்கும் கடிதப் போக்குவரத்தும் கற்று, அடுத்தாளாகி, பின்பு மேலாளாவான். மேலாள் பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணைக்குச் சம்பளம் பேசிக் கப்பலேறுவான். தவணை முடிவிற் கிடைத்த இலாபத்தில் அவனுக்கும் ஒரு பங்குண்டு. ஆதலின் முதலாளியின் நலமும் ஆளின் நலமும் ஒன்றாயின.

மூன்றாவது படி முதல் திரட்டுதல். சொந்த முதலோடு உறவினர் பணமும், ஆச்சிமாரின் சீதனப் பணமும், கோயிற் பணமும் கடைகளில் வட்டிக்கு விடப்பட்டன. இரங்கூன் மொகல் தெருவிலிருந்த நம் கோயிலில், ஒவ்வொரு தமிழ் மாதமும் 16-ஆம் நாள் மாலையில் கடைக்காரர் கூடி, தமக்குள் வழங்கும் நடப்பு வட்டியை நிர்ணயித்தனர். சந்நிதியிற் பேசிய வட்டியை மீறுதல் எளிதன்று.

இவை யாவற்றையும் சோதிக்கும் உரைகல்லாக ஐந்தொகை விளங்கியது. கடையின் பற்று, வரவு, இருப்பு முதலியவற்றைத் தொகுத்துக் காட்டும் அவ்வேட்டைச் செட்டிநாட்டிலுள்ள முதலாளி வரிவரியாகப் பார்ப்பார். எந்தக் கடன் நிலுவையில் நிற்கிறது, எந்த ஊரில் இனிக் கொடுக்கலாகாது என்பன அதனால் விளங்கும்.

1929-30-இல் பர்மாவின் பாங்கித் தொழிலை ஆராய்ந்த மாகாணக் கமிட்டி, அங்கு நம்மவர் கடைகள் ஏறக்குறைய 1,650 என்றும், அவற்றில் ஓடிய முதல் சுமார் 75 கோடி ரூபாய் என்றும் கணக்கிட்டது. அதிற் பெரும்பகுதி நம்மவரின் சொந்தப் பணமே.

நிற்க. 1929-இன் பிற்பகுதியில் உலகெங்கும் வியாபார மந்தம் ஏற்பட்டது. சில ஆண்டுகளில் நெல்விலை பாதிக்கும் கீழாக இறங்கிற்று. குடியானவனால் வட்டியுங் கட்ட இயலவில்லை. நிலத்தைக் கொள்ளுதலன்றி வேறு வழியில்லாமற் போகவே, பணத்தையே விரும்பிய நம்மவர் நிலச்சுவான்தார் ஆயினர். கீழ்ப்பர்மாவின் முக்கியமான 13 நெல் ஜில்லாக்களில், 1930-இல் நூற்றுக்கு 6 பங்கு நிலம் நம்மவரிடம் இருந்தது. 1937-இல் அது 25 பங்காயிற்று. நிலமிழந்த பர்மியக் குடியானவனின் மனம் எரிந்தது. அவன் துயரத்தையும் நாம் மறத்தல் ஆகாது. காடு திருத்திய கை அவனுடையது.

ஐந்தொகை இதனை முன்னரே கூறவில்லையோ எனின், கூறவில்லை. ஒவ்வொரு கடையின் ஏடும் தன்னளவிற் சரியாகவே இருந்தது. ஆனால் கடன் வாங்கியவனின் வருமானமும், ஈடான நிலத்தின் விலையும், கடைக்குக் கடன் கொடுத்த உறவினர் கடையின் நிலையும் ஆகிய மூன்றும் நெல் என்னும் ஒரே சரக்கையும், பர்மா என்னும் ஒரே நாட்டையும் நம்பி நின்றன. 1,650 ஏடுகளையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பார் எவருமிலர். நாட்டு மக்களின் மனக்கசப்போ எந்த ஏட்டிலும் பற்றெழுதப்படாத இனம். வட்டிக்கு ஆசைப்பட்டு முதலுக்கு மோசம் என்பது நம் பழமொழி. ஈண்டு வட்டி சரியாயிருந்தும் முதல் போயிற்று.

1941 டிசம்பரில் ஜப்பானியர் இரங்கூனின்மீது குண்டு வீசினர். கடைகளைப் பூட்டியவர் பலர் கால்நடையாகவே தாயகம் நோக்கினர். 1948-இல் சுதந்திர பர்மா நிலங்களை நாட்டுடைமையாக்கச் சட்டம் இயற்றியது. நம் வீடுகள் பலவற்றில் பர்மாத் தேக்குத் தூண்கள் நின்றன; அவற்றைத் தந்த நாட்டிலோ நம் முதல் மிஞ்சவில்லை.

காலத்தை உணர்ந்தவரும் நம்முள் இருந்தனர். மூல்மேனில் தொழில் தொடங்கிய திவான் பகதூர் முருகப்ப செட்டியார், யுத்தத்திற்கு முன்னரே முதலைத் தாயகத்துக்குத் திருப்பினார். அவர் குடும்பத்தார் கைத்தொழிலில் இறங்கி, 1949-இல் சைக்கிள் கம்பெனியை நிறுவினர். மு. சித. மு. சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10-இல் இந்தியன் ஓவர்சீஸ் பாங்கியைக் காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்றிடங்களிலும் ஒரே நாளில் திறந்து, அந்நிய நாணய மாற்றை முக்கிய நோக்கமாக்கினார். ஒருவர் இடத்தை மாற்றினார். மற்றவர் தொழிலை விரித்தார்.

ஆதலால் தொழில் நடத்தும் நம் குடும்பத்தார் ஆண்டுக் கணக்கை முடிக்கும்போது, இலாபம் எவ்வளவு என்பதோடு மேலும் இரண்டு கேள்விகளைக் கேட்டல் வேண்டும். நம் வரவு அனைத்தும் எந்த ஒன்றை நம்பி நிற்கின்றது? நம்மோடு கொள்வினை கொடுப்பினை செய்வோர் நம்மால் வாழ்கின்றனரா, தாழ்கின்றனரா? பெட்டகங்களில் உறங்கும் பழைய ஐந்தொகைகளை எடுத்துப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள். அவற்றில் எழுதியிருப்பதையும், எழுதாமல் விட்டதையும் அவர்கள் அறிவார்களாக.