ஆரல்வாய்மொழி: ஒரு வாசலின் வரலாறு

நாஞ்சில் நாட்டு வரலாற்று நூல்களில் ஆரல்வாய்மொழி என்னும் பெயர் அடிக்கடி வருகிறது. ஆனால் எந்நூலிலும் அது நீண்ட நேரம் தங்குவதில்லை. படை ஆரல்வாய்மொழி வழியாக நுழைந்தது, ஆரல்வாய்மொழியில் தடுக்கப்பட்டது, ஆரல்வாய்மொழி கடந்து திரும்பியது என்று ஒரு வரியில் முடிந்துவிடும். அடுத்த வரியில் நாம் கோட்டாற்றிலோ பத்மநாபபுரத்திலோ நிற்போம். வாசலைத் தாண்டி வீட்டுக்குள் நுழைபவர்கள் வாசலைப் பார்ப்பதில்லை என்பதுதான் இதற்குக் காரணம். வாசலிலேயே சற்று நின்று பார்த்தால் வீட்டின் வரலாறும் வேறொரு கோணத்தில் தெரியக்கூடும்.

முதலில் மண். மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே கடலை நெருங்கும்போது உயரம் குறைந்து, சிதறிய குன்றுகளாக முடிகிறது. வடக்கே 1,600 மீட்டருக்கும் மேல் உயர்ந்த மகேந்திரகிரி. தெற்கே தாழ்ந்த பாறைக்குன்றுகள். இவற்றுக்கு இடையே விழுந்த இடைவெளிதான் ஆரல்வாய்மொழிக் கணவாய். மேற்கே தோவாளை தாண்டினால் பழையாற்றுப் பாசனமும் குளங்களும் நெல்வயல்களும் தொடங்குகின்றன. கிழக்கே காவல்கிணறு, பணகுடி, வள்ளியூர்ப் பக்கம் செம்மண், பனை, உடைமரம், புன்செய். தென்மேற்குப் பருவமழையை மலை மேற்கிலேயே நிறுத்திக்கொள்கிறது. கிழக்குப் பக்கத்துக்குக் காற்று மட்டுமே மிஞ்சுகிறது. பேருந்தில் கால்மணி நேரம் பயணம் செய்தால் இரண்டு வேறு நிலங்களைக் காணலாம். எந்த மன்னனும் எல்லைக்கல் நடுவதற்கு முன்பே இங்கே மழை ஓர் எல்லையை வகுத்துவிட்டது.

ஊர்ப்பெயரைப் பழைய வழக்கில் ஆரைவாய்மொழி என்றும் சொல்வதுண்டு. ஆரை என்றால் மதில் என்று அகராதிகள் பொருள் தருகின்றன. வாய் என்பது நுழைவிடம். மொழி என்பது வழி என்பதன் திரிபு என்பாரும் உண்டு. ஆங்கிலேயர் ஆவணங்களில் அது ‘ஆரம்போலி’ ஆயிற்று. எந்த விளக்கத்தை ஏற்றாலும், பெயருக்குள்ளேயே ஒரு நுழைவிடம் இருப்பதை மறுக்க முடியாது.

நாஞ்சில் வள்ளுவனிடம் ஔவையார் கொஞ்சம் அரிசி கேட்க, அவன் யானையைக் கொடுத்ததாகப் புறநானூறு சொல்கிறது. வறண்ட நிலத்துக்கு அடுத்து நெல் விளையும் நாடு ஒன்று இருந்தால், அதற்குள் நுழையும் ஒரே எளிய வழியின்மீது எல்லோருக்கும் கண் இருக்கும். 1630களில் மதுரைத் திருமலை நாயக்கரின் படை நாஞ்சில் நாட்டுக்குள் வந்தது. கணியாகுளத்தில் நடந்த போரில் வேணாட்டுத் தளபதி இரவிக்குட்டிப்பிள்ளை மடிந்தார். அந்தச் சாவைத் தமிழில் கதைப்பாடலாகப் பாடி வைத்திருப்பது குறிப்பிடத்தக்கது. 1697இல் ராணி மங்கம்மாளின் படை வந்தது. நெல் விளைந்த காலமெல்லாம் இந்த வாசல் தட்டப்பட்டுக்கொண்டே இருந்தது.

மார்த்தாண்ட வர்மா இந்த வாசலுக்குக் கதவு போட நினைத்தார். 1741இல் குளச்சல் போரில் டச்சுக்காரர்களை வென்று, சிறைப்பட்ட டிலனாயைத் தன் படைத்தலைவராக்கிக்கொண்ட மன்னர் அவர். டிலனாயின் மேற்பார்வையில் திருவிதாங்கூரின் தெற்கு அரண்கள் வலுப்பெற்றன. கடலோரத்தில் வட்டக்கோட்டை, கணவாயில் மதிலும் பீரங்கி மேடைகளும். கணவாயை அடைத்து நின்ற மதிலின் நீளம் ஏறக்குறைய இரண்டு மைல்.

அந்தக் கதவின் அருகில் நடந்த ஒரு சாவை இன்று உலகம் அறியும். நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்ட பிள்ளை அரண்மனை ஊழியர். டிலனாய் வழியாகக் கிறித்தவத்தை அறிந்து, 1745இல் திருமுழுக்குப் பெற்று தேவசகாயம் ஆனார். திருமுழுக்கு நடந்த வடக்கன்குளம் கணவாய்க்கு வெளியே, திருவிதாங்கூர் எல்லைக்கு அப்பால் இருக்கிறது. தன் மன்னனின் நாட்டில் பெற இயலாததைப் பெற அவர் இந்த வாசலைக் கடந்து போனார். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழியை ஒட்டிய காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். தண்டனைக்கான காரணம் குறித்து வரலாற்றாசிரியர்களிடையே விவாதம் உண்டு. கொலை நடந்த இடம் நாட்டின் விளிம்பு என்பதில் விவாதம் இல்லை. 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

டிலனாய் கட்டிய அரண் தன் பெரிய சோதனையை 1809இல் சந்தித்தது. திருவிதாங்கூர்த் தளவாய் வேலுத்தம்பி கல்குளம் பகுதியின் தலக்குளத்தில் பிறந்தவர். ஆங்கிலேய ரெசிடெண்ட் மெக்காலேயின் தலையீட்டை எதிர்த்து அவ்வாண்டு ஜனவரியில் குண்டறையிலிருந்து மக்களை ஆயுதமேந்த அழைத்தார். பிப்ரவரியில் கர்னல் செயின்ட் லெஜர் தலைமையில் கும்பினிப் படை கிழக்கிலிருந்து வந்து மதிலின் முன் நின்றது. நேராக மோதினால் இழப்பு பெரிதாகும் என்பதால், மேஜர் வெல்ஷின் பிரிவு இரவோடு இரவாகப் பக்கவாட்டு மலையில் ஏறியது. பிப்ரவரி 10 அன்று அரண் வீழ்ந்தது. சின்ன மருதுவிடம் ஈட்டி வீசவும் வளரி எறியவும் கற்றதாகத் தன் நினைவுக்குறிப்பில் எழுதியவரும், பின்னர் அந்த மருதுவை எதிர்த்தே போரிட்டவரும் இதே வெல்ஷ்தான். கதவை அடைத்தவர்கள் மலையை நம்பினார்கள். மலை வழியாகவே எதிரி வந்தான். சில வாரங்களில் வேலுத்தம்பி மண்ணடியில் உயிரை மாய்த்துக்கொண்டார்.

பிறகு மதிலுக்கு வேலையில்லை. இரு பக்கமும் ஆங்கிலேய ஆதிக்கம் என்றான பின் யாரை யார் தடுப்பது? படைவீரனின் இடத்தில் சுங்கச்சாவடிக்காரன் வந்தான். திருவிதாங்கூர், கொச்சி, பிரிட்டிஷ் அரசு ஆகிய மூன்றும் 1865இல் செய்துகொண்ட வணிக உடன்பாடு உள்நாட்டுச் சுங்கங்களைப் பெரும்பாலும் நீக்கியது. ஆனாலும் எல்லை எல்லையாகவே நீடித்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மதிலைக் கட்டிய அரசுக்கு ஆரல்வாய்மொழி நாட்டின் முடிவு. மதிலுக்கு உள்ளே வாழ்ந்த நாஞ்சில் தமிழருக்கு அது மொழியின் முடிவாக என்றும் இருந்ததில்லை. கணவாயின் இருபுறமும் ஒரே மொழி, ஒரே வில்லுப்பாட்டு, ஒரே சுடலைமாடனும் இசக்கியும். முப்பந்தல் இசக்கியம்மன் முன் வண்டியை நிறுத்திக் கும்பிட்டுச் செல்லும் ஓட்டுநர் தான் எந்தத் திசைக்குப் போகிறோம் என்று பார்ப்பதில்லை. மழை வகுத்த எல்லையையும் அரசு வகுத்த எல்லையையும் மக்களின் எல்லை என்று எடுத்துக்கொண்டதுதான் வரலாற்று நூல்கள் பலவற்றின் பிழை. தெற்குத் திருவிதாங்கூர்த் தமிழர் போராட்டம் இந்தப் பிழைக்கு எதிரான குரல் என்றே நான் கருதுகிறேன். 1954 ஆகஸ்ட் 11 அன்று துப்பாக்கிச்சூட்டில் உயிர்களைப் பலிகொடுத்த பிறகு, 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாகாணத்தோடு இணைந்தன. தோவாளைத் தாலுகாவைச் சேர்ந்த ஆரல்வாய்மொழியில் ஒரே நாளில் மாநில எல்லை மாவட்ட எல்லையாகச் சுருங்கியது.

1981இல் திருநெல்வேலி - நாகர்கோவில் ரயில்பாதை திறக்கப்பட்டபோது, படைகள் தேடிவந்த அதே இடைவெளியைத்தான் தண்டவாளமும் தேடியது. 1980களின் பிற்பகுதிக்குப் பின் காற்றாலைகள் வந்தன. அரபிக்கடல் காற்று கணவாயில் ஒடுங்கி வேகம்பெற்று வெளியேறும் வாய் முப்பந்தல். அங்கு இன்று நாட்டின் மிகப்பெரிய காற்றாலைத் தொகுதிகளுள் ஒன்று நிற்கிறது. அதன் நிறுவுதிறன் சுமார் 1,500 மெகாவாட். வைகாசி முதல் புரட்டாசிவரை அவை ஓயாமல் சுழல்கின்றன. மழையைக் கொடுக்காமல் காற்றை மட்டும் அனுப்பி மலை வஞ்சித்த நிலத்தில், அந்தக் காற்றே விளைச்சலாகியிருக்கிறது. ஆனால் நெல்லைப் போலவே இந்த விளைச்சலும் பெரும்பகுதி வெளியே போகிறது. கம்பி வழியாகப் போவது மட்டுமே வேறுபாடு.

நெல், படை, சுங்கச் சரக்கு, ரயில், மின்சாரம் என ஆரல்வாய்மொழி வழியாகப் போனவற்றுக்கெல்லாம் கணக்கு உண்டு. இருந்தவர்களுக்குக் கணக்கு இல்லை. மதிலுக்குக் கல் சுமந்தவர்கள் யார், 1809இல் அரண் விழுந்த காலையில் ஊரில் என்ன நடந்தது, 1956இல் எல்லை நீங்கியபோது இந்தச் சந்தையில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பவை இன்னும் எழுதப்படவேண்டிய பக்கங்கள். இவற்றுள் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடிய முதியவர்கள் சிலர் இன்றும் இருக்கிறார்கள். யாராவது ஒரு நோட்டுப்புத்தகத்துடன் அவர்களிடம் போய் உட்கார வேண்டும், அதுவும் விரைவில்.