சுப்பர் லீக்: எந்த அணிக்குக் கைதட்டுவது?

இலங்கையின் சுப்பர் லீக் உதைபந்தாட்டத் தொடர் 2021 ஏப்ரலில் 10 கழகங்களுடன் தொடங்கியது. புத்தளம் மாவட்டக் கரையோரத்துக்கு வென்னப்புவ நியூ யங்ஸ் கழகம் இருந்தது. தரை, கடல், வான் என முப்படைகளுக்கும் ஒவ்வோர் அணி இருந்தது. வடக்கு, கிழக்கிலிருந்து ஓர் அணிகூட இல்லை.

முதல் ஆட்டங்களைப் பற்றி இக்கரையோர ரசிகர்களிடம் கேட்டேன். வென்னப்புவவில் சொந்த அணி என்ற பெருமிதம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் வாழும் முஸ்லிம் குடும்பங்களின் இளைஞர்களோ, தமது ஊரின் பெயரில் ஓர் அணி இல்லையே என்றார்கள்.

மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் உதைபந்து ஊரோடு கலந்த விளையாட்டு. ஆனாலும் 2021இல் அங்குள்ள வீரர் இத்தொடரில் ஆட வேண்டுமானால் வெளிமாவட்டக் கழகத்தையோ படை அணியையோதான் நாடவேண்டியிருந்தது. போர் முடிந்து 12 ஆண்டுகளான பின்னரும் அதுவே நிலையாக இருந்தது.