நடக்கிறதுக்கு யாரைக் கேட்கணும்? இங்கிலாந்து மலையிலிருந்து டி. கல்லுப்பட்டி வரைக்கும் ஒரு பாதை

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்கு எபிசோட் நடக்கிறதைப் பத்தி. ஜிம் டிரெட்மில் நடை இல்லை. நாள் கணக்கா, ஊர் ஊரா நடக்கிற நடை.

இங்கிலாந்துல ஒரு வகை ஹாலிடே உண்டு. காலையில தங்கின வீட்டுல சாப்பிட்டுட்டு, தண்ணி பாட்டிலும் மழைக்கோட்டும் எடுத்துக்கிட்டுக் கிளம்பணும். உங்க பெட்டியை ஒரு வேன்காரர் அடுத்த ஊருக்குக் கொண்டு போய் வெச்சிடுவார். நீங்க வயல், ஆட்டு மந்தை, ஓடை, கல்வேலின்னு தாண்டி இருபது கிலோமீட்டர் நடந்து சாயங்காலம் அங்கே போய்ச் சேரணும். மறுநாள் திரும்பவும் அதே. ஒரு வாரம், ரெண்டு வாரம் இப்படியே. ரீல்ஸ்ல பார்த்திருப்பீங்க, பச்சைப் பசேல்னு இருக்கும்.

அந்த ரீல்ஸ்ல ஒரு விஷயத்தைக் கவனிச்சீங்களா? அவங்க நடக்கிறது பெரும்பாலும் அடுத்தவங்க நிலத்துல. ஒரு விவசாயியோட மேய்ச்சல் நிலம், நடுவுல ஒரு ஒத்தையடிப் பாதை. வேலியைத் தாண்ட ரெண்டு மரப்படி, பக்கத்துக் கம்பத்துல மஞ்சள் அம்புக்குறி. முன்பின் தெரியாத ஆள் தாராளமா உள்ளே போறான், நிலத்துக்காரர் தடுக்க முடியாது. நம்ம ஊர்ல அடுத்தவர் வரப்புல ஒரு புது ஆள் நடந்தா என்ன ஆகும்? 'யாருப்பா நீ, எந்த ஊரு, யாரு வீட்டுப் பையன்?'னு மூணு கேள்வி வரும். மூணாவது கேள்விக்குள்ள என்ன கேள்வி இருக்குன்னு உங்களுக்கே தெரியும்.

அப்போ அவங்களுக்கு மட்டும் அந்த உரிமை எப்படி வந்தது? யாரும் சும்மா கொடுக்கலை. அந்தக் கதையோட ஒரு நுனி மதுரையிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி, திருமங்கலம் – ராஜபாளையம் ரோட்டுல இருக்கிற டி. கல்லுப்பட்டியைத் தொடுது. எப்படின்னு பார்ப்போம்.

அத்துமீறி நுழைந்த 400 பேர்

1932 ஏப்ரல் 24, ஞாயிற்றுக்கிழமை. மான்செஸ்டர் மாதிரி ஆலை நகரங்கள்லருந்து வந்த சுமார் 400 பேர் ஹேஃபீல்டுங்கிற ஊர்லருந்து கிண்டர் ஸ்கவுட் மலைமேட்டை நோக்கி நடந்தாங்க. பல பேர் இளைஞர்கள், தொழிலாளிகள். வாரம் பூரா ஆலைப் புகை. ஞாயித்துக்கிழமை ஒருநாள் மலைக்காத்து வேணும், அவ்வளவுதான் கேட்டாங்க.

ஆனா அந்த மலைமேடு டெவன்ஷயர் பிரபுவோடது. பணக்காரங்க துப்பாக்கியோட வந்து க்ரௌஸ்னு ஒரு காட்டுக்கோழியைச் சுடுறதுக்காக அதைப் பூட்டி வெச்சிருந்தாங்க. வருஷத்துல சில நாள் நடக்கிற வேட்டைக்காக வருஷம் பூரா மத்தவங்களுக்குத் தடை. நடந்தவங்களுக்கும் பிரபுவோட காவலாளிகளுக்கும் கைகலப்பு ஆச்சு. ஆறு பேரைக் கைது பண்ணி, அதுல அஞ்சு பேருக்கு ரெண்டு மாசத்துலருந்து ஆறு மாசம் வரைக்கும் ஜெயில் கொடுத்தாங்க. முன்னாடி நின்ன பென்னி ராத்மேனுக்கு வயசு 20.

நடந்ததுக்கு ஜெயிலான்னு ஆச்சரியப்பட வேண்டாம். அதுக்கு எட்டு வருஷம் முன்னாடி, 1924-ல, வைக்கம் கோயிலைச் சுத்தின தெருவுல நடக்கக் கேட்டதுக்காகத்தான் நம்ம ஆளுங்க ஜெயிலுக்குப் போனாங்க. ஈ.வெ.ரா. பெரியார் அந்தப் போராட்டத்துல ரெண்டு தடவை சிறை போனார். அங்கே தடுத்தது சொத்து, இங்கே தடுத்தது சாதி. ரெண்டு இடத்துலயும் கேள்வி ஒண்ணுதான்: இந்தத் தரையில கால் வைக்க நான் யாரைக் கேட்கணும்?

கிண்டர் ஸ்கவுட் நடை ஒரே நாள்ல எதையும் மாத்திடலை. ஆனா கோரிக்கை பெரிசாகிக்கிட்டே போச்சு. 1935-ல டாம் ஸ்டீபன்சன்னு ஒரு பத்திரிகையாளர், நாட்டோட முதுகெலும்பு மாதிரி ஓடுற பென்னைன் மலைத்தொடர் நெடுக ஒரே பாதை வேணும்னு எழுதினார். 1949-ல தேசியப் பூங்காக்களுக்கும் கிராமப்புறத்துல நுழையிற உரிமைக்கும் சட்டம் வந்தது. 1965 ஏப்ரல் 24, அதாவது அந்த நடைக்குச் சரியா 33 வருஷம் கழிச்சு, பென்னைன் வே பாதையைத் திறந்தாங்க. நீளம் 268 மைல், சுமார் 430 கிலோமீட்டர். மதுரையிலிருந்து சென்னைக்குப் போற தூரத்தைவிடக் கொஞ்சம்தான் கம்மி. 2002-ல, அந்த நடையோட 70-வது ஆண்டுல, அப்போதைய டெவன்ஷயர் பிரபு தன் தாத்தா செஞ்சதுக்குப் பொதுவுல மன்னிப்புக் கேட்டார்.

இன்னைக்கு வேன்ல பெட்டி போகுது, நாம ஜாலியா நடக்கிறோம்னா, அந்தப் பாதைக்கு ஏற்கனவே வேற யாரோ விலை கொடுத்திருக்காங்க.

ஏப்ரல் 17, ஏப்ரல் 18

இப்போ ரெண்டு தேதி சொல்றேன். கிண்டர் ஸ்கவுட் இருக்கிற அந்தப் பகுதி, பீக் டிஸ்ட்ரிக்ட், பிரிட்டனோட முதல் தேசியப் பூங்காவா ஆனது 1951 ஏப்ரல் 17. மறுநாள், 1951 ஏப்ரல் 18, தெலங்கானாவுல போச்சம்பள்ளி கிராமத்துக்கு ஒரு மனுஷன் நடந்து வந்து சேர்ந்தார். அவர் வினோபா பாவே.

தெலங்கானா அப்போ ஆயுதப் போராட்டத்துல கொதிச்சுக்கிட்டிருந்தது. போச்சம்பள்ளியில 40 தலித் குடும்பங்கள் வினோபாகிட்ட, 'எங்களுக்கு 80 ஏக்கர் கிடைச்சா உழுது பிழைச்சுக்குவோம்'னு சொன்னாங்க. அவர்கிட்ட ஏது நிலம்? கூட்டத்தைப் பார்த்து, யாராவது தர முடியுமான்னு கேட்டார். ராமச்சந்திர ரெட்டிங்கிறவர் எழுந்து 100 ஏக்கர் தரேன்னார். பூதான இயக்கம் அங்கே ஆரம்பிச்சது. அதுக்கப்புறம் 13 வருஷம் அவர் நாடு பூரா நடந்தார். விடியறதுக்கு ரொம்ப முன்னாடி, லாந்தர் வெளிச்சத்துல கிளம்புவாங்க. அடுத்த ஊருக்குப் போவாங்க. சாயங்காலம் பிரார்த்தனைக் கூட்டம், நிலம் கேட்கிறது. மறுநாள் அடுத்த ஊர்.

இங்கிலாந்துல நிலத்து மேல நடக்கிற உரிமையைக் கேட்டு நடந்தாங்க. இங்கே நிலத்தையே கேட்டு நடந்தாங்க.

1956 மே மாசம் காஞ்சிபுரத்துல சர்வோதய மாநாடு நடந்தது. அதையொட்டி வினோபாவோட தமிழ்நாட்டு நடை, 1957 ஏப்ரல்ல கன்னியாகுமரி வரைக்கும். கிட்டத்தட்ட ஒரு வருஷம். மதுரை மாவட்டத்துல சில கிராமங்கள் தனித்தனியா ஏக்கர் கொடுக்கிறதைத் தாண்டி, ஊர் நிலத்தையே பொதுவாக்குற 'கிராம தான'த்துக்கும் வந்தாங்க. இந்த வேலையில முன்னாடி நின்னவங்க ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும். கிருஷ்ணம்மாள் தலித் குடும்பத்துல பிறந்து மதுரையில படிச்சவங்க.

இதை வெற்றிக் கதையா மட்டும் சொன்னா ஏமாத்தினதா ஆயிடும். வினோபாவோட இலக்கு 5 கோடி ஏக்கர். வந்தது 40 லட்சத்துக்கு மேல, இலக்குல பத்துல ஒரு பங்குகூட இல்லை. வந்ததுலயும் கல்லாங்காடு உண்டு, வழக்குல கிடந்த நிலம் உண்டு, வாயால கொடுத்துட்டுப் பத்திரத்துல கொடுக்காத நிலம் உண்டு. 1958-ல இங்கே பூதானத்துக்குன்னு தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. வாக்குல கொடுத்ததைக் காகிதத்துல கொண்டு வர்றது நடக்கிறதைவிடக் கஷ்டமான வேலை. பின்னாடி ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் கீழவெண்மணிப் படுகொலைக்குப் பிறகு தஞ்சைப் பக்கம் போய், 1981-ல லாஃப்டிங்கிற அமைப்பை ஆரம்பிச்சு, நிலத்தை விலைக்கு வாங்கி நிலமில்லாத பெண்கள் பேருல பதிவு பண்ணாங்க. தானம்னு கேட்டதுல கிடைச்ச பாடம் அது.

கல்லுப்பட்டியில் ஒரு கணக்காளர்

இப்போ டி. கல்லுப்பட்டிக்கு வருவோம். கரிசல் மண், பருத்தி விளையிற பூமி. 1940-ல கோ. வேங்கடாசலபதி இங்கே காந்தி நிகேதன் ஆசிரமத்தை ஆரம்பிச்சார். கதர், கிராமத் தொழில், ஆதாரக் கல்வி. தன் கடைசிக் காலத்துல இங்கே வந்து தங்கினவர் ஜே.சி. குமரப்பா.

1892-ல தஞ்சாவூர்ல கிறிஸ்தவக் குடும்பத்துல பிறந்தவர். லண்டன்ல கணக்குத் தணிக்கை படிச்சார், அமெரிக்காவுல கொலம்பியா பல்கலைக்கழகத்துல பொருளாதாரம் படிச்சார். கோட்டு சூட்டுப் போட்ட ஆடிட்டர். 1929-ல காந்தியைச் சந்திச்சார். காந்தி அவருக்குக் கொடுத்த வேலை, குஜராத்துல மாத்தர் தாலுகாவுல கிராமம் கிராமமா போய், ஒரு குடும்பம் என்ன சம்பாதிக்குது, என்ன சாப்பிடுது, எவ்வளவு வரி கட்டுதுன்னு கணக்கெடுக்கிறது. 54 கிராமம். லண்டன்ல கம்பெனிக் கணக்குப் பார்த்தவர் இங்கே ஏழைக் குடியானவன் வீட்டுக் கணக்கைப் பார்த்தார். அதோட அவர் வாழ்க்கை திசை மாறிடுச்சு.

சுதந்திரத்துக்குப் பிறகு காங்கிரஸ் அமைச்ச நிலச் சீர்திருத்தக் குழுவுக்கு அவர்தான் தலைவர். 1949-ல வந்த அறிக்கை, நிலம் உழுறவனுக்குப் போகணும், நடுவுல உட்கார்ந்து வாரம் வாங்குறவன் போகணும், ஒருத்தர் இவ்வளவுதான் வெச்சுக்கலாம்னு உச்சவரம்பு வேணும்னு சொன்னது. ஆட்சியில இருந்தவங்க அதை முழுசா எடுத்துக்கலை. வினோபா மனசைக் கேட்டு நடந்தார்னா, குமரப்பா சட்டத்தைக் கேட்டார். ரெண்டும் பாதியிலதான் நின்னது.

கல்லுப்பட்டியில அவர் குடிசைச் சுவத்துல ஒரு ஏழைக் கிராமத்தானோட படம் இருந்ததாச் சொல்வாங்க. யார் இதுன்னு கேட்டா, காந்தி என் தலைவர், இவர் என் தலைவருக்குத் தலைவர்னு சொல்வாராம். 1960 ஜனவரி 30, காந்தி இறந்த அதே தேதியில, குமரப்பா இறந்தார்.

திரும்பவும் இங்கிலாந்து

கதை அங்கே முடியலை. 1945-ல, சிறையில இருந்தப்போ குமரப்பா ஒரு புத்தகம் எழுதினார், நிலைத்த பொருளாதாரம் பத்தி. நிலக்கரி, பெட்ரோல் மாதிரி எடுக்க எடுக்கத் தீர்ந்து போற இருப்பை நம்பின வாழ்க்கை நிலைக்காது, இயற்கை திரும்பத் திரும்பத் தர்றதை நம்பின வாழ்க்கைதான் நிலைக்கும்னு வாதாடினார். இதைக் கவனமாப் படிச்சவர் ஈ.எஃப். ஷூமாக்கர். வேடிக்கை என்னன்னா அவர் வேலை பார்த்தது பிரிட்டனோட நிலக்கரி வாரியத்துல. 1973-ல வந்த அவரோட 'ஸ்மால் இஸ் பியூட்டிஃபுல்' உலகம் பூரா போச்சு. அதுல பௌத்தப் பொருளாதாரம் பத்தின அத்தியாயத்துல குமரப்பாவை மேற்கோள் காட்டியிருக்கார்.

அதே 1973-ல, ஷூமாக்கர் தொடர்ந்து எழுதிக்கிட்டிருந்த 'ரிசர்ஜன்ஸ்' பத்திரிகைக்கு ஆசிரியரானவர் சதீஷ் குமார். ராஜஸ்தான்காரர், சின்ன வயசுல சமணத் துறவி, அப்புறம் வினோபா கூட நடந்தவர். 1962-ல நண்பர் ஈ.பி. மேனனோட டெல்லியிலிருந்து கிளம்பி அணு ஆயுதத்துக்கு எதிரா மாஸ்கோ, பாரிஸ், லண்டன், வாஷிங்டன்னு போனார். கையில காசே இல்லாம போங்கன்னு யோசனை சொன்னது வினோபா. காசு இருந்தா ஓட்டல்ல போய்ப் படுத்துடுவ. இல்லைன்னா யார் வீட்டுக் கதவையாவது தட்டித்தான் ஆகணும், பேசித்தான் ஆகணும்.

இங்கிலாந்துலயே குடியேறின சதீஷ் குமார், தனக்கு 50 வயசானப்போ, 1986-ல, திரும்பவும் காசில்லாம கிளம்பினார். டெவன்ல ஹார்ட்லேண்ட்ங்கிற தன் ஊர்லருந்து கேன்டர்பரி, லிண்டிஸ்ஃபார்ன், ஸ்காட்லாந்துல அயோனான்னு பிரிட்டனோட புனிதத் தலங்களைச் சுத்தி சுமார் 2,000 மைல். 1932-ல ஆலைத் தொழிலாளிங்க சண்டை போட்ட நாட்டுல, வினோபா கத்துக்கொடுத்த நடையில ஒரு இந்தியர் நடந்தார்.

அப்போ நமக்கு?

நடக்கிற ஹாலிடே தப்பே இல்லை. அந்த 400 பேர் கேட்டதே ஒரு ஞாயித்துக்கிழமை சந்தோஷத்தைத்தான். ஓய்வும் ஒரு உரிமைன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருந்தது. சண்டை இன்னும் முடியவும் இல்லை. பாதையை விட்டு விலகி இஷ்டப்படி சுத்தலாம்கிற உரிமை இன்னைக்கும் இங்கிலாந்து நிலத்துல சுமார் 8 சதவீதத்துலதான் இருக்கு.

பைக்ல போறப்போ திருமங்கலம் ரோடு வெறும் சாலைதான். அதே ரோட்டை விட்டு இறங்கி நடந்தா, எந்தக் காட்டுல யார் வேலை செய்றாங்க, எந்தக் காடு கம்பி போட்டு பிளாட் ஆயிடுச்சு, கண்மாய்க்குப் போற பாதை எங்கே அடைபட்டிருக்கு, எந்தத் தெரு எங்கே முடியுதுன்னு தெரியும். வேகத்துல இது எதுவும் கண்ணுல படாது. குமரப்பாவுக்கு மாத்தர்ல கண்ணு திறந்ததும், வினோபாகிட்ட 80 ஏக்கர்னு ஒரு எண் வந்து சேர்ந்ததும், அவங்க அந்த ஊருக்குள்ள போய் நின்னதாலதான்.

ஒரு விடுமுறைக்கு மதுரையிலிருந்து பஸ் ஏறி டி. கல்லுப்பட்டியில இறங்குங்க. காந்தி நிகேதனைப் பாருங்க. அங்கேருந்து பக்கத்து ஊருக்கு நடந்து போங்க. யாராவது 'எந்த ஊரு தம்பி, எந்த ஊரும்மா?'னு கேட்டா நின்னு பதில் சொல்லுங்க. அப்புறம் நீங்களும் ஒண்ணு கேளுங்க: இந்தக் காடு யாருது, உழுறது யாரு? ரெண்டுக்கும் ஒரே பேர் பதிலா வருதான்னு பாருங்க.