சார்ஜிங் நிலையத்தின் இரண்டாம் ஆண்டு: விரைவு மின்னேற்றத்துக்கான அரசு மானியம் எதற்குத் தரப்பட வேண்டும்?

2023 மார்ச்சில் ஒன்றிய அரசின் கனரகத் தொழில் அமைச்சகம், மின்வாகன ஊக்குவிப்புக்கான ஃபேம் இரண்டாம் கட்டத் திட்டத்தின் கீழ், இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் ஆகிய மூன்று பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களுக்கு 800 கோடி ரூபாய் ஒதுக்கியது. நாடெங்கும் பெட்ரோல் பங்க்குகளில் 7,432 விரைவு சார்ஜிங் நிலையங்கள் அமைக்க வேண்டும்; கெடு 2024 மார்ச். தொகையில் 70 விழுக்காடான 560 கோடி முதல் தவணையாக விடுவிக்கப்பட்டது. 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த பி.எம். இ-டிரைவ் திட்டம், தன் 10,900 கோடியில் 2,000 கோடியைச் சார்ஜிங்குக்கென எடுத்துவைத்தது. இத்தொகைகள் போதுமா போதாதா என்பதைச் சுற்றியே விவாதம் நடக்கிறது. அதைவிட முக்கியமான கேள்வி, பணம் எதன் பெயரில் தரப்படுகிறது என்பது. இதுவரை அது பெரும்பாலும் நிறுவும் செலவின் பெயரில்தான் தரப்பட்டிருக்கிறது. நிலையம் திறந்து, முதல் ஆண்டு கழிந்து, ஏதோ ஒன்று பழுதாகும் இரண்டாம் ஆண்டில் அது வேலை செய்கிறதா என்பதே பொதுப்பணத்துக்கான அளவுகோலாக வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

அரசு இதில் பணம் போடத்தான் வேண்டுமா என்ற ஐயத்துக்கு முதலில் விடை சொல்லிவிடலாம். சார்ஜிங் நிலையம் இல்லாத ஊரில் மின்கார் வாங்கத் தயங்குவார்கள். மின்கார் இல்லாத ஊரில் நிலையம் வைக்க யாரும் முன்வர மாட்டார்கள். ஷான்ஜுன் லீயும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் அமெரிக்கச் சந்தையை ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட கட்டுரை, கார் வாங்குவோருக்குத் தந்த வரிச்சலுகைப் பணத்தைச் சார்ஜிங் நிலையங்களுக்குத் திருப்பியிருந்தால் விற்பனையில் இரு மடங்குக்கும் மேலான பலன் கிடைத்திருக்கும் என்று கணித்தது. நார்வே பற்றிய காட்டலின் ஸ்பிரிங்கலின் ஆய்வும் அதே திசையில் சென்றது. ஆனால் செலவு கூடக்கூட நிலைய மானியத்தின் அந்த மேன்மை தேய்ந்து, ஒரு கட்டத்தில் தலைகீழாகிவிடுகிறது என்றும் அது காட்டியது. ஆக, தொடக்கத்தில் அரசு நுழைய வலுவான காரணம் இருக்கிறது. எக்காலமும் நீடிக்கக் காரணம் இல்லை. இவ்வகைக் கணக்குகளில் நிலையம் என்று எண்ணப்படுவது பட்டியலில் இருக்கும் நிலையம். வண்டி ஓட்டுபவருக்கு அது போதாது. போனால் கட்டாயம் ஏற்றிக்கொள்ளலாம் என்ற உறுதிதான் அவருடைய தயக்கத்தைப் போக்கும்.

அந்த உறுதி எவ்வளவு மெலிந்தது என்பதை 2022இன் தொடக்கத்தில் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் நடந்த ஒரு களச்சோதனை காட்டியது. டேவிட் ரெம்பெல் குழுவினர் 181 பொது நிலையங்களுக்கு நேரில் சென்று, 657 இணைப்பிகளை ஒவ்வொன்றாகச் சோதித்தனர். இரண்டு நிமிடம் தொடர்ந்து மின்சாரம் ஏறினாலோ, அப்போது வேறொரு வண்டி ஏற்றிக்கொண்டிருந்தாலோ அது வேலை செய்வதாகக் கணக்கு. அவ்வளவு தாராளமான அளவுகோலிலும் 72.5 விழுக்காடுதான் தேறியது. பழுதுகளின் பட்டியல் கூர்ந்து படிக்கத்தக்கது: உயிரற்ற திரை, அட்டையை ஏற்காத பணக்கருவி, தொடங்க மறுக்கும் மின்னேற்றம், அறுந்த வலைத்தொடர்பு, உடைந்த பிளக். ஏறக்குறைய 5 விழுக்காட்டில் கேபிள் வண்டியின் துளைவரை எட்டவேயில்லை. இவற்றில் பல, ஒரு டெக்னீஷியன் வந்தால் சரியாகிவிடக்கூடியவை. ஆனால் ஒரு பகுதியை எட்டு நாள் கழித்து மறுபடி சோதித்தபோதும் மொத்த நிலைமை மாறவில்லை.

ஏன் யாரும் வரவில்லை? ஓர் உத்தேசக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 60 கிலோவாட் கருவி ஒன்று நாள் முழுதும் ஓடினால் 1,440 யூனிட் தரும். அதில் 5 விழுக்காடுதான் பயன்படுகிறது என்றால் நாளொன்றுக்கு 72 யூனிட். மூன்று கார்கள் வந்துபோவதற்குச் சமம். யூனிட்டுக்கு 5 ரூபாய் மிஞ்சுவதாகக் கொண்டாலும் வரவு 360 ரூபாய். பக்கத்து நகரத்திலிருந்து ஆளையும் உதிரிப்பாகத்தையும் கொண்டுவர அதைப்போலப் பல மடங்கு ஆகும். கருவியைக் கடன் வாங்கி வைத்தவருக்கு மாதத்தவணை நெருக்கும். எப்படியாவது ஓட வைப்பார். விலையில் பெரும்பகுதியை அரசிடம் பெற்றவருக்கு அது சும்மா நின்றாலும் பெரிய நட்டமில்லை. முதலீட்டு மானியம் நிலையத்தை முளைக்க வைக்கும் அதே வேளையில், பழுதைப் பொறுத்துக்கொள்ளும் வசதியையும் கொடுத்துவிடுகிறது. இது நடத்துபவரின் நேர்மைக் குறைவு அன்று. மானியம் வகுக்கப்பட்ட விதத்தின் விளைவு.

தரநிலை மாற்றத்திலும் இதே கோளாறு வெளிப்பட்டது. அரசு நிறுவனமான ஈ.ஈ.எஸ்.எல். 2017இல் 10,000 மின்கார்களுக்கு டெண்டர் விட்ட காலத்தில், குறைந்த மின்னழுத்தக் கார்களுக்கேற்ற 15 கிலோவாட் பாரத் டி.சி.-001 கருவியே இந்திய விரைவு சார்ஜர். 2018 டிசம்பரில் மின்துறை அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதல், பொது நிலையங்களில் இதனுடன் சி.சி.எஸ்., சாடெமோ உள்ளிட்ட பிற பிளக் வகைகளையும் வைக்கச் சொன்னது. 2019 அக்டோபரில் அந்தக் கட்டாயம் தளர்ந்தது. 2020 ஜனவரியில் சி.சி.எஸ்.-2 துளையோடு டாடா நெக்ஸான் மின்கார் விற்பனைக்கு வந்ததும் சந்தை ஒரே பக்கம் சாய்ந்தது. பழைய கருவிகள் தமக்குரிய கார்கள் அருகிப் பயனிழந்தன. 2024 மார்ச்சில் 980 நிலையங்களை மேம்படுத்த மட்டும் மேலும் 73.50 கோடி ரூபாய் ஒதுக்க வேண்டியிருந்தது. எந்த அமைச்சகமும் தொழில்நுட்பத்தின் போக்கை முன்கூட்டி அறிய முடியாது. ஓடினால்தான் பணம் என்ற ஏற்பாட்டில், எந்தப் பிளக்கைத் தேடி வண்டி வருகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கும் பொறுப்பு நடத்துபவருடையதாகும்.

பிற நாடுகள் இத்திசையில் நகர்ந்திருக்கின்றன. பிரிட்டனில் 50 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள பொதுக் கருவிகளின் வலையமைப்பு 99 விழுக்காடு நம்பகத்தோடு இயங்க வேண்டும் என்ற சட்டவிதி 2024 நவம்பர் முதல் செயலில் உள்ளது. மீறினால் 10,000 பவுண்டு வரை அபராதம். அமெரிக்காவில் 2021 நவம்பரின் உட்கட்டமைப்புச் சட்டம் நெடுஞ்சாலைச் சார்ஜிங்குக்கு 500 கோடி டாலர் ஒதுக்கியது. ஒவ்வொரு இணைப்பியும் 97 விழுக்காடு நேரம் இயங்க வேண்டும் என்று 2023இல் விதி வந்தது. ஆண்டின் 5,25,600 நிமிடங்களில் ஏறத்தாழ 11 நாள் மட்டுமே முடங்கலாம். இதே திட்டம் எதிர்வாதத்துக்கும் எடுத்துக்காட்டாகிறது. சட்டம் வந்து இரண்டு ஆண்டு கழித்து, 2023 டிசம்பரில்தான் ஒஹையோவில் முதல் நிலையம் திறந்தது. கடும் விதிகளே தாமதத்துக்குக் காரணம் என்கிறார்கள். ஆனால் இயங்குநேர விதி நிலையம் திறந்த பிறகே செயல்படத் தொடங்குவது. திறப்பதற்கு முன்பான தாமதத்தின் பெரும்பழியை அதன்மேல் ஏற்ற முடியாது. அவ்விதியின் உண்மையான பலவீனம் வேறு: மின்தடை, நாசவேலை, திட்டமிட்ட பராமரிப்பு ஆகியவை முடக்கக் கணக்கில் சேராது, கணக்கைத் தருபவரும் நடத்துபவரே. ரெம்பெல் குழு செய்ததுபோல, முன்னறிவிப்பின்றி வண்டியோடு போய்ச் சொருகிப் பார்க்கும் சோதனை இல்லாமல் எந்த விழுக்காடும் நம்பத்தக்கதல்ல. செலவு அதிகமில்லாத இச்சோதனையை மானிய விதியிலேயே எழுதிவிட வேண்டும்.

முதலீடே பெரிய தடை, சிறுதொழில் முனைவோர் காத்திருக்க முடியாது என்ற மறுப்பில் நியாயம் இருக்கிறது. பி.எம். இ-டிரைவின் 2025 செப்டம்பர் வழிகாட்டுதல் மின்மாற்றி, உயரழுத்தக் கேபிள் போன்ற மின்னிணைப்புக் கட்டமைப்புக்கு 80 விழுக்காடு தருகிறது. அதை அப்படியே வைத்துக்கொள்ளலாம். நடத்துபவர் விலகினாலும் மின்மாற்றி அங்கேயே இருக்கும், அடுத்தவருக்குப் பயன்படும். ரயில் நிலையம், பெட்ரோல் பங்க் போன்ற இடங்களில் கருவி விலைக்குத் தரும் 70 விழுக்காட்டைத்தான் ஐந்தாண்டு இயங்குநேரக் கட்டணமாக மாற்ற வேண்டும். உறுதியான அரசு ஒப்பந்தம் கையில் இருந்தால் வங்கி கடன் தரும். அரசு நாள் தவறாமல் கொடுக்குமா என்பதே கடன் தருபவரின் அச்சம். மின்பகிர்மான நிறுவனங்கள் உற்பத்தியாளர்களுக்கு வைத்த நிலுவைகளை அவர்கள் கண்டவர்கள். ஆகவே ஐந்தாண்டுத் தொகையையும் தனிக்கணக்கில் முன்பே போட்டுவைக்காத ஒப்பந்தத்துக்கு மதிப்பில்லை. வண்டி பெருகப் பெருக இக்கட்டணம் குறைந்துகொண்டே வந்து நிற்க வேண்டும். ஸ்பிரிங்கலின் முடிவு வேண்டுவதும் அதையே. நெரிசலான நகரச்சாலைக்கு இது தேவைப்படாது. நாளுக்கு மூன்று கார் வரும் நெடுஞ்சாலைக்கே தேவை, ஏனெனில் அங்கே அரசு வாங்குவது தீயணைப்பு நிலையத்தில் வாங்குவதைப் போன்ற ஆயத்தநிலை.

இந்தியாவில் விற்கும் மின்வாகனங்களில் மிகப் பெரும்பான்மை இரு சக்கர, மூன்று சக்கர வண்டிகள். வீட்டிலேயே ஏற்ற முடிந்த கார்க்காரருக்கு ஏழையின் வரிப்பணம் எதற்கு என்பது எல்லாவற்றிலும் கனமான மறுப்பு. பி.எம். இ-டிரைவ் குறிவைத்த சுமார் 72,300 கருவிகளில் 22,100 நான்கு சக்கர வண்டிகளுக்கு, 48,400 இரு, மூன்று சக்கர வண்டிகளுக்கு என்ற பங்கீடு இதற்கு ஓரளவு பதில். பணம் இயங்குநேரத்தோடு கட்டப்பட வேண்டிய தேவையோ இந்தச் சிறு வண்டிகளுக்கான கருவிகளில்தான் அதிகம். மின்கார் வைத்திருப்பவருக்குப் பழுதான சார்ஜர் ஒரு தொல்லை. வீடு திரும்பினால் வேறு வழி இருக்கும். வாடகை அறையில் தனி மின்இணைப்பு இல்லாத ஆட்டோக்காரர் பகல் ஒரு மணிக்கு, பேட்டரி தீரும் நேரத்தில், செத்த திரைக்கு முன் நின்றால் மாலைச் சவாரி அத்தனையும் போகும். அன்றைக்குக் கட்ட வேண்டிய வண்டித்தவணை போகாது.