புதுக்கோட்டை மகளிர் மிதிவண்டிப் பயிற்சி

புதுக்கோட்டை மகளிர் மிதிவண்டிப் பயிற்சி என்பது, தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின் ஒரு பகுதியாக நடைபெற்ற பயிற்சியாகும். எழுத்தறிவு வகுப்புகளுக்குத் துணையாகத் தொடங்கிய இது, ஊரகப் பெண்களிடையே மிதிவண்டி ஓட்டும் வழக்கத்தைப் பரவலாக்கியது. வளர்ந்தவர்கள் புதிய பழக்கம் ஒன்றைக் கற்று, அதனைக் கைவிடாமல் தொடர்வதற்கு இது ஓர் எடுத்துக்காட்டாகும்.

பின்னணி

இந்திய அரசு 1988 இல் தேசிய எழுத்தறிவு இயக்கத்தைத் தொடங்கியது. 1990 இல் கேரளத்தின் எர்ணாகுளம், முழு எழுத்தறிவு பெற்ற முதல் மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அதனைத் தொடர்ந்து பல மாவட்டங்களில் தன்னார்வலர்களைக் கொண்டு இத்தகைய இயக்கங்கள் நடத்தப்பட்டன. புதுக்கோட்டையில் இது 1991 இல் தொடங்கியது. ஷீலா ராணி சுங்கத் அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தார்.

கற்போரில் பெரும்பாலோர் பெண்கள். வகுப்புகளைக் கண்காணிக்கும் பெண் தொண்டர்கள் ஊர் ஊராகச் செல்ல வேண்டியிருந்தது. உட்பகுதிச் சிற்றூர்களுக்குப் பேருந்து வசதி குறைவு. எனவே, அவர்களுக்கு மிதிவண்டி ஓட்டக் கற்றுத்தர முடிவு செய்யப்பட்டது.

பரவல்

முதலில் தொண்டர்கள் கற்றனர். பின்னர் அவர்களிடம் எழுத்துக் கற்ற பெண்களும் மிதிவண்டி ஓட்ட விரும்பினர். கற்றவர் அடுத்தவருக்குக் கற்றுத்தரும் முறையில் பயிற்சி பரவியது. மிதிவண்டி வாங்குவதற்கு வங்கிக் கடன் பெற ஆட்சியர் ஏற்பாடு செய்தார். பெண்களுக்கான மிதிவண்டிகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, ஆண்களுக்கான வண்டிகளிலேயே பலர் கற்றனர். குழந்தையை முன்கம்பியில் அமர்த்திச் செல்லலாம் என்பதால் அவ்வகை வண்டியையே விரும்பியவர்களும் இருந்தனர்.

1992 ஆம் ஆண்டு உலக மகளிர் நாளையொட்டி, 1,500 க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை நகரில் மிதிவண்டி ஊர்வலம் சென்றனர். அறிவொளித் தொண்டர் முத்து பாஸ்கரன் இயற்றிய மிதிவண்டிப் பாடல், பயிற்சி முகாம்களில் பாடப்பட்டது. யுனிசெஃப் நிறுவனம் பெண் தொண்டர்களுக்கு 50 மொபெட்டுகளை வழங்கியது. ஓரிலட்சத்திற்கும் மேற்பட்ட பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றதாக இதழாளர் பி. சாய்நாத் பதிவு செய்துள்ளார். இது குறித்த அவரது கட்டுரை, 1996 இல் வெளிவந்த "எவ்ரிபடி லவ்ஸ் எ குட் டிராட்" என்னும் நூலில் இடம்பெற்றுள்ளது.

எதிர்ப்பு

தொடக்கத்தில் மிதிவண்டி ஓட்டிய பெண்கள் தெருவில் கேலிக்கும் இழிசொற்களுக்கும் ஆளாயினர். ஓட்டுபவர் எண்ணிக்கை பெருகியதும் கேலி குறைந்தது.

பழக்கம் நிலைபெற்ற விதம்

எழுத்தறிவு இயக்கங்களில் பரவலாகக் காணப்பட்ட சிக்கல், கற்ற எழுத்து மறந்துபோவதாகும். படிப்பதற்கும் எழுதுவதற்கும் அன்றாடத் தேவை இல்லாத சூழலில், புதிதாகக் கற்றோர் பலர் பழைய நிலைக்கே திரும்பினர். இதனைத் தடுக்கவே அறிவொளிக்குப் பின் தொடர்கல்வித் திட்டங்கள் வகுக்கப்பட்டன.

மிதிவண்டியோ அன்றாட வேலைகளுடன் இணைந்தது. தண்ணீர் கொண்டுவருதல், விளைபொருளைச் சந்தைக்கு எடுத்துச்செல்லுதல், குழந்தையைப் பள்ளியில் விடுதல் ஆகியவற்றுக்கு அது பயன்பட்டது. பேருந்துக்காகவோ, வீட்டு ஆண்களின் துணைக்காகவோ காத்திருக்கும் நேரம் மிஞ்சியது. தனி ஒருவரின் மன உறுதியை மட்டும் நம்பாமல், தேவை, துணை, கருவி ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்தமை இதன் சிறப்பாகும்.

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரிடம் நடத்திய ஆய்வு 2010 இல் வெளியானது. புதிய செயல் ஒன்று தானாக நிகழும் பழக்கமாவதற்குச் சராசரியாக 66 நாட்கள் ஆகும் என்றும், இது ஆளுக்கேற்ப 18 முதல் 254 நாட்கள் வரை வேறுபடும் என்றும் அவ்வாய்வு மதிப்பிட்டது. இடையில் ஒரு நாள் தவறுவதால் பழக்கம் உருவாவது பெரிதும் பாதிக்கப்படுவதில்லை என்பதும் அதன் முடிவுகளுள் ஒன்று. நாள்தோறும் ஒரே வேளையில் தண்ணீருக்கோ சந்தைக்கோ செல்வது போன்ற மாறாத சூழல், பழக்கம் வேரூன்றத் துணைபுரிகிறது.

வரம்புகள்

ஓட்டத் தெரிந்த அனைவரிடமும் சொந்த மிதிவண்டி இருக்கவில்லை. வீட்டில் ஒரே வண்டி இருந்தால், அதனை ஆண்கள் எடுத்துச்சென்ற பின்பே பெண்களுக்குக் கிடைத்தது. மிதிவண்டியால் வீட்டு வேலைகள் எளிதாயினும், அவ்வேலைகள் பெண்களின் பொறுப்பாகவே நீடித்தன.

அண்டை மாவட்டங்களும் பிற்கால வளர்ச்சியும்

புதுக்கோட்டையின் பெரும்பகுதியைப் போலவே பெரம்பலூர், அரியலூர் பகுதிகளும் முன்பு திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் அடங்கியிருந்தன. பெரம்பலூர் 1995 இல் தனி மாவட்டமானது. 2001 இல் உருவான அரியலூர் மாவட்டம், 2002 இல் பெரம்பலூருடன் மீண்டும் இணைக்கப்பட்டு, 2007 இல் திரும்பவும் தனி மாவட்டமானது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பெண்களின் எழுத்தறிவு புதுக்கோட்டையில் சுமார் 69 விழுக்காடும், பெரம்பலூரில் 66 விழுக்காடும், அரியலூரில் 62 விழுக்காடும் ஆகும்.

தமிழ்நாடு அரசின் விலையில்லா மிதிவண்டித் திட்டம் 2001-02 இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியருக்காகத் தொடங்கப்பட்டது. 2005-06 முதல் அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவ, மாணவியர் அனைவருக்கும் விரிவாக்கப்பட்டது. இதன்மூலம், 1991 இல் புதுக்கோட்டைப் பெண்கள் கேலிக்கிடையே கற்றுக்கொண்ட மிதிவண்டி, பெரம்பலூர், அரியலூர் உள்ளிட்ட மாவட்டங்களில் மாணவியர் பள்ளி செல்லும் வழக்கமான ஊர்தியாயிற்று.

இவற்றையும் பார்க்க

அறிவொளி இயக்கம்
எழுத்தறிவு
மிதிவண்டி
பழக்கம்