மாமா பேர்ல ஒரு வாரண்ட்: தென்னாற்காட்டில் பிடியாணையைத் தேடின கதை

இந்த எபிசோட் ஒரு பாஸ்போர்ட் விண்ணப்பத்துல ஆரம்பிக்குது.

எங்க தாய்மாமாவுக்குத் திண்டிவனம் பக்கத்துல ஒரு கிராமம். பேரை ஏழுமலைன்னு வச்சுக்கோங்க, நிஜப் பேர் வேணாம். 2023-ல பொண்ணைப் பார்க்க துபாய் போகணும்னு பாஸ்போர்ட் எடுக்கச் சொன்னார். ஆன்லைன் ஃபார்மை நான்தான் நிரப்பினேன். அதுல ஒரு கேள்வி வரும்: உங்க மேல வழக்கு நிலுவையில இருக்கா, கைது வாரண்ட் ஏதும் பிறப்பிக்கப்பட்டிருக்கா? "என்ன மாப்ள இதெல்லாம் கேக்குறான்"னு சிரிச்சார். நானும் சிரிச்சுக்கிட்டே 'இல்லை'ன்னு கிளிக் பண்ணேன்.

மூணு வாரம் கழிச்சு வெரிஃபிகேஷனுக்கு வந்த காவலர், டீ கூட குடிக்காம, மெதுவா சொன்னார்: "அண்ணே, உங்க பேர்ல ஒரு என்.பி.டபிள்யூ ஓடிட்டு இருக்கு." அதாவது ஜாமீன்ல வெளிவர முடியாத பிடியாணை. விஷயம் இதுதான். 2009-ல ஊர்ல குடிதண்ணி வரலைன்னு காலிக்குடத்தோட ரோட்டுல உட்கார்ந்தாங்க. 14 பேர் மேல வழக்கு. மாமா அடுத்த மாசமே கட்டட வேலைக்கு பெங்களூரு போயிட்டார், அப்புறம் அஞ்சு வருஷம் அங்கதான். சம்மன் அவர் கைக்கு வரவே இல்லை.

பாஸ்போர்ட் சட்டம், 1967, பிரிவு 6 என்ன சொல்லுதுன்னா, வாரண்ட் இருந்தா பாஸ்போர்ட்டை மறுக்கலாம். தகவலை மறைச்சா பிரிவு 12-படி அது தனிக் குற்றம். ஆக, அரசாங்கம் ஒரு கேள்வி கேக்குது, அதுக்குத் தப்பான பதில் சொன்னா தண்டனை. சரியான பதிலை எங்க போய்ப் பார்க்கிறது?

சாஃப்ட்வேர் இன்ஜினியருக்கு இது ஒரு 'சர்ச்' பிரச்சினை மாதிரி தெரிஞ்சுது. அமெரிக்காவுல பல கவுன்ட்டிகள்ல ஷெரிஃப் ஆபீஸ் வெப்சைட்டே வாரண்ட் பட்டியலைப் போட்டு வைக்குது. பேரைத் தட்டினா வந்துடும். அது நல்லதா கெட்டதான்னு தனி எபிசோடே போடலாம். நம்ம ஊர்ல அப்படி ஒண்ணு கிடையாது. இருக்கிறது இ-கோர்ட்ஸ். 2007-ல தொடங்கின திட்டம். 2023-ல மூணாவது கட்டத்துக்கு 7,210 கோடி ஒதுக்கினாங்க. தமிழ்நாடு, விழுப்புரம், அப்புறம் எந்த நீதிமன்ற வளாகம்னு வரிசையா தேர்ந்தெடுத்து, வழக்கு எண், வக்கீல் பேர், எஃப்.ஐ.ஆர் எண், கட்சிக்காரர் பேர் இப்படித் தேடலாம். 'வாரண்ட்'னு தேட வழியில்லை.

சரி, பேரைப் போட்டேன். இங்கதான் நம்ம மாவட்டத்தோட பிரத்யேகப் பிரச்சினை. ஏழுமலைங்கிற பேரை ஆங்கிலத்துல எப்படி எழுதுவீங்க? 'இ'-யில தொடங்கலாம், 'ஒய்'-ல தொடங்கலாம். நடுவுல 'ழ'-வுக்கு 'எல்' போடுறவங்க உண்டு, 'ஸெட்-எச்' போடுறவங்க உண்டு. இனிஷியல் முன்னாடியா பின்னாடியா? ஒரு வழியா நாலு ஸ்பெல்லிங்ல தேடினா, கேப்சாவோட சண்டை போட்டு முடிக்கும்போது, வேற வேற அப்பாக்களுக்குப் பிறந்த ஏழுமலைகள் ஒரு கும்பலே வந்து நின்னாங்க. எங்க மாமா அதுல இல்லை. பல பேர் மேல உள்ள வழக்குல முதல் ஆள் பேர்தான் தலைப்புல வரும். மத்தவங்க 'மற்றும் பலர்'. மாமா ஒன்பதாவது ஆள்.

கடைசியில கண்டுபிடிச்சது கம்ப்யூட்டர்ல இல்லை. அதே வழக்குல வாய்தா வாய்தாவா அலைஞ்ச பக்கத்து வீட்டு அத்தை, பழைய சம்மனை ரேஷன் கார்டோட பிளாஸ்டிக் கவர்ல பத்திரமா வச்சிருந்தாங்க. அதுல எஃப்.ஐ.ஆர் எண் இருந்துச்சு. அதைப் போட்டதும் ரெண்டு வழக்கு வந்துச்சு. ஒண்ணு மத்த 13 பேரோடது, எப்பவோ முடிஞ்சது. இன்னொண்ணு மாமாவுக்காகவே பிரிச்சு வச்சது. ஆள் கிடைக்காத வழக்கைத் தனியா பிரிச்சு, 'நீண்டகால நிலுவை வழக்கு'ன்னு தனிப் பதிவேட்டுல போட்டுடுவாங்க. கோர்ட் பாஷையில எல்.பி.சி. அது அப்படியே தூங்கும். ஆனா வாரண்ட் தூங்காது. குற்றவியல் நடைமுறைச் சட்டம், 1973, பிரிவு 70 (இப்போ பி.என்.எஸ்.எஸ்.ல பிரிவு 72) சொல்றது: பிறப்பிச்ச நீதிமன்றம் ரத்து பண்ற வரைக்கும், இல்லை நிறைவேத்துற வரைக்கும், வாரண்ட் உயிரோட இருக்கும். காலாவதி தேதி கிடையாது.

இந்த மண்ணுல வாரண்டுக்கும் மனுஷங்களுக்கும் என்ன உறவுன்னு அப்பதான் படிக்க ஆரம்பிச்சேன். படிச்சா, முதல்ல வந்து நிக்கிறவர் பாரதி.

1908. சென்னையில 'இந்தியா' பத்திரிகை மேல ராஜதுரோக வழக்கு. பத்திரிகையை நடத்தினதுல பாரதி பங்கு எவ்வளவுன்னு போலீசுக்கு நல்லாவே தெரியும். ஆனா அரசாங்கப் பதிவுல சட்டப்படி பொறுப்பாளரா இருந்த பேர் மு. சீனிவாசன். கைதானவர் அவர்தான், அஞ்சு வருஷம் தண்டனையும் அவருக்குத்தான். எழுதினது யாருங்கிறதை விட, பதிவேட்டுல இருக்கிறது யார் பேருங்கிறதுதான் முக்கியமா இருந்திருக்கு. அடுத்தது தன் பேர்ல வரும்னு பாரதிக்குப் புரிஞ்சுது. புதுச்சேரிக்குக் கிளம்பினார்.

ஏன் புதுச்சேரி? பிரிட்டிஷ் இந்தியாவோட வாரண்ட் பிரெஞ்சு எல்லையில நின்னுடும். அதைத் தாண்டி ஒரு ஆளைப் பிடிக்கணும்னா ஒப்படைக்கச் சொல்லி பிரெஞ்சு அரசைக் கேட்கணும். அரசியல் குற்றத்துக்கு அது லேசுல நடக்காது. சென்னையில இருந்து செங்கல்பட்டு, திண்டிவனம், விழுப்புரம். அங்கேருந்து 1879-ல போட்ட கிளைப் பாதையில புதுச்சேரி. ரயில் வழி அது ஒண்ணுதான். 1910 ஏப்ரல்ல அரவிந்தர் வந்தார், கல்கத்தாவுல இருந்து கப்பல்ல. அதே வருஷம் வ.வே.சு. ஐயரும் வந்து சேர்ந்தார். 1911 ஜூன் 17-ல மணியாச்சியில ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, புதுச்சேரியில இருந்தவங்க மேல கண்காணிப்பு இறுகிப்போச்சு.

விழுப்புரத்துல இருந்து புதுச்சேரிக்கு பஸ்ல போனவங்களுக்குத் தெரியும், எல்லைங்கிறது ஒரு கோடு இல்லை. தமிழ்நாடு, புதுச்சேரி, மறுபடி தமிழ்நாடுன்னு மாறி மாறி வரும். பிரெஞ்சுக்காரங்க காலத்துத் துண்டு துண்டான எல்லையோட மிச்சம் அது. இப்போ அந்த எல்லையைத் தாண்டுறவங்க வேற காரணத்துக்காகத் தாண்டுறாங்க, அது உங்களுக்கே தெரியும். அன்னைக்கு ஒரு வாய்க்காலைத் தாண்டினா வாரண்ட் வெறும் காகிதம். 1918 நவம்பர் 20-ல பாரதி பத்து வருஷத்துக்கு அப்புறம் எல்லையைத் தாண்டி வெளிய வந்தார். தாண்டின உடனே கைது. தென்னாற்காடு மாவட்டத் தலைநகரான கடலூர்ல சிறை. டிசம்பர் 14-ல நிபந்தனைகளோட விடுதலை. பத்து வருஷம் ஆச்சேன்னு ரெக்கார்ட் அவரை மறந்துடலை.

பாரதிக்கும் எங்க மாமாவுக்கும் ஒரே ஒரு வித்தியாசத்தை மட்டும் சொல்றேன், மத்த வித்தியாசமெல்லாம் உங்களுக்கே தெரியும். தன்னைத் தேடுறாங்கன்னு பாரதிக்குத் தெரியும். தெரிஞ்சதால எல்லையைத் தேர்ந்தெடுக்க முடிஞ்சுது.

தெரியாதவங்க நிலைமை என்ன? நாம திட்டுறப்ப 'கேடி'ன்னு சொல்றோமே, அது கே.டி. மெட்ராஸ் போலீஸ் பதிவேட்டுல 'நோன் டெப்ரிடேட்டர்'ங்கிறதோட சுருக்கம். அந்தப் பட்டியல்ல பேர் இருக்கிறவர் அதைப் பார்க்க முடியாது. இரவு கதவைத் தட்டும்போதுதான் தெரியும். இதுக்கும் மேல ஒண்ணு இருந்துச்சு. 1871-ல வந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-ல சென்னை மாகாணத்துக்கும் நீண்டுச்சு. கள்ளர், குறவர் உள்ளிட்ட சமூகங்களை மொத்தமா பட்டியல்ல போட்டு, கைரேகை எடுத்து, ஸ்டேஷன்ல ஆஜர் ஆகச் சொன்னாங்க. தனி ஆளுக்கு வாரண்டே தேவையில்லை, பிறப்பே வாரண்ட். சென்னை மாகாணத்துல 1947-லயும், நாடு முழுக்க 1952-லயும் அந்தச் சட்டம் போச்சு.

சட்டம் போனாலும் பழக்கம் போகலை. திண்டிவனத்துல பேராசிரியர் பிரபா கல்விமணி, நிறைய பேருக்குக் கல்யாணி சார், முன்னின்று நடத்துற பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம், இந்த வட்டாரத்துல இருளர்கள் மேல போடப்படுற பொய்த் திருட்டு வழக்குகளை எதிர்த்து வருஷக்கணக்கா நின்னுட்டு இருக்கு. பிடிச்சுட்டுப் போற அளவுக்கான குற்றம்னு சொல்லிட்டா போலீசுக்கு வாரண்ட் வேண்டியதில்லை, அதனால தேடிப் பார்க்க ஒரு காகிதமும் இருக்காது. எங்க மாமாவுக்காவது ஒரு நம்பர் இருந்துச்சு.

பழைய சட்டத்துல ஒரு விஷயம் எனக்குப் பிடிச்சிருந்துச்சு. ஆள் கிடைக்கலைன்னா 'தேடப்படும் நபர்'னு அறிவிக்கலாம். அந்த அறிவிப்பை அவர் ஊர்ல பொது இடத்துல வாசிக்கணும், வீட்டுல ஒட்டணும், கோர்ட்டுலயும் ஒட்டணும், ஆஜராக குறைஞ்சது 30 நாள் கொடுக்கணும். 1898 சட்டத்துல பிரிவு 87, 1973-ல 82, இப்போ 84. நம்ம ஊர்ல இருந்த ஒரே நிஜமான 'பப்ளிக் வாரண்ட் ரெக்கார்ட்' அதுதான், ஊர் காதுல விழுற ரெக்கார்ட். ஆனா பெங்களூருல சென்ட்ரிங் கட்டிட்டு இருக்கிற ஆளுக்கு அது எப்படிக் கேக்கும்?

காகிதமும் அசையாம இருக்கிறதில்லை. தென்னாற்காட்டைப் பிரிச்சு 1993 செப்டம்பர்ல விழுப்புரம் மாவட்டம் வந்துச்சு. 2019 நவம்பர்ல அதுல இருந்து கள்ளக்குறிச்சி பிரிஞ்சுது. ஒவ்வொரு பிரிவுக்கும் எந்த ஸ்டேஷன் எந்த மாவட்டம், எந்த கோர்ட்னு கேள்வி மாறும். டேட்டாபேஸ் மைக்ரேஷன்ல கஷ்டப்பட்டவங்க இந்த இடத்துல ஒரு பெருமூச்சு விடலாம்.

2002-ல மும்பையில ஒரு வக்கீல் மேல இருந்த பிடியாணையை ஆகஸ்ட் 12-ல நீதிமன்றம் ரத்து பண்ணிடுச்சு. மூணு நாள் கழிச்சு, சுதந்திர தினத்தன்னைக்கு, போலீஸ் அதே வாரண்டை வச்சு அவரைக் கைது பண்ணுச்சு. ரத்தான உத்தரவைக் காட்டினார். சான்றிட்ட நகல் இல்லைன்னு ஏத்துக்கலை. 2011-ல உச்ச நீதிமன்றம் அந்த வழக்குலதான் சொல்லுச்சு: ஒவ்வொரு நீதிமன்றமும் பிறப்பிச்ச பிடியாணைகளுக்குப் பதிவேடு வைக்கணும், வரிசை எண் போடணும், ரத்தானா அதையும் பதியணும்னு. நல்ல உத்தரவு. ஆனா அந்தப் பதிவேடு கோர்ட்டுக்குள்ள இருக்கும். என்னை மாதிரி ஆள் வீட்டுல இருந்து தேட முடியாது.

மாமா கதையை முடிச்சுடறேன். ஒரு வக்கீல் அக்காவைப் பிடிச்சோம். வாரண்ட் ரீகால் மனு போட்டு, அவரே நேர்ல ஆஜர் ஆனார். முந்தின ராத்திரி தூங்கலை. உள்ள வச்சுட்டா என்ன பண்றதுன்னு மாத்து வேட்டி ஒண்ணு பையில வச்சுட்டு வந்தார். மாஜிஸ்திரேட் பத்து நிமிஷத்துல ரத்து பண்ணிட்டார். வழக்கும் சில மாசத்துல முடிஞ்சுது. பாஸ்போர்ட் அடுத்த வருஷம் வந்துச்சு.

மும்பை வக்கீல் கதையை நான் மாமாகிட்ட சொல்லியிருந்தேன். அதனால ரீகால் உத்தரவோட சான்றிட்ட நகலை ரெண்டு வாங்கச் சொன்னார். ஒண்ணு பீரோவுல இருக்கு. இன்னொண்ணை லேமினேட் பண்ணி, ஆர்.சி. புக்கோட வண்டி டூல்பாக்ஸ்ல வச்சிருக்கார்.