பம்பாயின் சண்முகானந்த சபை



வேற்று மொழி வழங்கும் ஊரில் குடியேறுகிறவர்கள் முதலில் தேடுவது வேலையும் வீடும். அடுத்துக் கோயிலும் பள்ளிக்கூடமும் வேண்டியிருக்கின்றன. பாட்டுக் கேட்க ஒரு சபை வேண்டும் என்னும் எண்ணம் இவற்றுக்கெல்லாம் பின்னரே எழுகிறது. பம்பாய் நகரின் மாட்டுங்கா வட்டாரத்தில் இந்த வளர்ச்சியைத் தெளிவாகக் காணலாம்.

1896-ஆம் ஆண்டில் அந்நகரைப் பிளேக் நோய் வாட்டியது. நெருக்கடி மிகுந்த குடியிருப்புகளைச் சீர்ப்படுத்த 1898-இல் ஒரு டிரஸ்ட் அமைக்கப்பெற்று, தாதர், மாட்டுங்கா பகுதிகளில் அகன்ற வீதிகள் வகுக்கப்பட்டன. குமாஸ்தாக்களாகவும் டைப்பிஸ்டுகளாகவும் வந்த தென்னிந்தியர் பலர் அங்கே குடியமர்ந்தனர். பாலக்காட்டுத் தமிழரும் அவர்களுள் அடங்குவர். 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றிற்று. அதற்கு இருபது ஆண்டுகளுக்குப் பின், 1952-இல், ஸ்ரீ சண்முகானந்த நுண்கலை சங்கீத சபை உருவாயிற்று.

தமிழ்நாட்டுக்கு வெளியே சங்கீத சபை நடத்துவது எளிதன்று. வித்துவானும் பக்கவாத்தியக்காரர்களும் தொலைதூரத்திலிருந்து வரவேண்டும். பயணச் செலவு, தங்குமிடம், சன்மானம் ஆகிய அனைத்துக்கும் அடிப்படை அங்கத்தினர் செலுத்தும் சந்தாவேயாகும். மாதச் சம்பளக்காரர் நிறைந்த ஒரு சமூகம் இத்தகைய பொறுப்பை மேற்கொண்டதோடு நில்லாமல், பதினோரே ஆண்டுகளில், 1963-இல், கிங்ஸ் சர்க்கிள் அருகே ஏறத்தாழ மூவாயிரம் பேர் அமரத்தக்க சொந்த மண்டபத்தையும் திறந்தது. ஆசியாவின் மிகப் பெரிய அரங்குகளில் ஒன்றாக அது பேசப்பட்டது. கர்நாடக சங்கீதத்துக்கென எழுந்த அம்மண்டபத்தில் இந்துஸ்தானி இசையும் நாடகமும் திரைப்பட விழாக்களும் இடம்பெற்றன. இங்ஙனம் ஒரு வட்டாரத்தார் தமக்காக அமைத்துக்கொண்டது நகரம் முழுவதற்கும் பொதுவாயிற்று.

1990-இல் நேர்ந்த தீ விபத்து அம்மண்டபத்தை நாசமாக்கியது. மண்டபம் போனபின் சபைக்கு எஞ்சியது என்ன? அதன் பெயரும் அங்கத்தினர்களுமே. அவை போதுமானவையாக இருந்தன. சபை கலைந்துவிடவில்லை, எட்டு ஆண்டுகள் கழித்து, 1998-இல், அதே இடத்தில் மண்டபம் மீண்டும் திறக்கப்பட்டது. காஞ்சி ஸ்ரீ சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகளின் திருநாமத்தை அது தாங்கி நிற்கிறது.

சபையின் பணி கச்சேரிகளோடு முடிவதில்லை. இசையும் நடனமும் பயிற்றும் பள்ளியையும் அது நடத்துகிறது. வெளி மாநிலத்தில் பிறந்த குழந்தைகளை நினைக்கும்போதே இப்பணியின் முக்கியத்துவம் விளங்குகிறது. தமிழ் எழுத்தைக் கூட்டிப் படிக்கத் தடுமாறும் குழந்தையும் தமிழ்க் கீர்த்தனையைப் பிழையறப் பாடக் கற்றுக்கொள்ளலாம். பல வீடுகளில் தாய்மொழியின் இனிமை இவ்வழியாகவே அடுத்த தலைமுறையை எட்டுகிறது.

தில்லியிலும் கல்கத்தாவிலும் நாகபுரியிலும் வாழும் நேயர்கள், தத்தம் ஊர்ச் சபையில் இவ்வளவு பெரிய மண்டபம் இல்லையே என்று குறைபட வேண்டுவதில்லை. சண்முகானந்த சபையும் பதினோரு ஆண்டுகள் சொந்த மண்டபமின்றியே நடந்தது. வாடகைக் கூடத்தில் ஐம்பது பேர் கூடிக் கேட்கும் கச்சேரிக்கு ஆண்டுதோறும் தவறாமல் சந்தா செலுத்துவதும், குழந்தைகளையும் உடன் அழைத்துச் செல்வதுமே ஒரு சபையை நிலைநிறுத்தும்.